ஐந்தாம் குருவி

ஒரு காசுக்கு இரண்டு சிட்டுக்குருவிகள் என்கிறது மத்தேயு நற்செய்தி. இரண்டு காசுக்கு ஐந்து என்கிறது லூக்கா நற்செய்தி. அவ்வாறாயின் ஐந்தாம் குருவிக்கு விலையே இல்லை, அது கொசுறு. விலை பெற்ற உயிர், விலை பெறாத உயிர், இவற்றுள் எது மேல்? இமயமலைக் காட்டின் இரண்டு உயிர்களைக் கொண்டு இதனை எண்ணிப் பார்ப்போம்.

ஒன்று கத்தூரிமான். தோளுயரம் ஏறத்தாழ அரை மீட்டரே. கொம்பில்லை. ஆணின் வயிற்றடியில் உள்ள சிறு பையில் ஊறும் நறுமணப் பொருளே அதன் விலை; அதுவே அதற்குக் கூற்றுவன். கண்ணியோ ஆண், பெண் அறியாது. கத்தூரியே இல்லாத பெண்மானும் குட்டியும் அதில் சிக்கி மாய்கின்றன. இம்மானைக் காக்கவே 1972ஆம் ஆண்டு கேதார்நாத் சரணாலயம் அமைக்கப்பட்டது.

மற்றொன்று உஸ்னியா லாங்கிசிமா எனும் லைக்கன். நம் அடுக்களைக் கல்பாசிக்கு உறவு. மரக்கிளைகளில் முதியவரின் தாடிபோல் தொங்குவது. பூஞ்சையும் பாசியும் கூடி நடத்தும் இல்லறம் அது. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. பூஞ்சை உறைவிடம் தருகிறது. வேரில்லாத அதற்குக் காற்றும் மழையுமே கதி. காடழிப்பாலும் காற்று மாசாலும் ஐரோப்பாவின் பல பகுதிகளில் அது மறைந்துவிட்டது.

மான் விலையால் அழிகிறது. லைக்கன் விலையின்மையால் அழிகிறது. இரண்டையும் நிறுத்தது நமது தராசே. ஆனால் பனி மூடிப் புல் மறைந்த மாதங்களில் கத்தூரிமான் உண்டு உயிர் தாங்கும் உணவுகளுள் மரத்து லைக்கனும் ஒன்று. விலைமிக்கது விலையற்றதால் வாழ்கிறது.

படைப்பில் படிநிலை உண்டென்று புனித தாமஸ் அக்குவினா கற்பித்தார். உணர்வுள்ள மான் லைக்கனிலும் மேல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இறைவனின் நன்மையை ஒரே படைப்பு முழுமையாகக் காட்ட இயலாது, ஆகவேதான் படைப்புகள் பல என்று சொன்னவரும் அவரே. ஒன்று மேல் என்பதால் மற்றது வேண்டாததாகிவிடாது.

இத்தராசு காட்டோடு நிற்பதுமில்லை. பொருளீட்டும் மகனுக்குக் கூடத்தில் இடம். அவனை மடியில் வளர்த்த பாட்டிக்குத் திண்ணை மூலை. திருவிழாவில் பெருநன்கொடையாளருக்கு முன்வரிசை நாற்காலி தேடிய நாமும் இதே தராசைப் பிடித்தவர்தாம். வாசலில் நின்றவரின் பெயரை அன்று நாம் கேட்கவில்லை.

இறைவனோ அக்குருவிகளுள் ஒன்றையும் மறப்பதில்லை என்றார் இயேசு. ஐந்தாவதும் அதில் அடங்கும். நம் இல்லத்தில், நம் பங்கில், அந்த ஐந்தாம் குருவி யார்?