மலிவான மண்

வீட்டுக்குப் பின்னால் பத்தடி நிலம். மண்வெட்டி போட்டால் ‘ணங்’கென்று சத்தம். தாமான் கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, அடிமண்ணை ரோலர் விட்டு இறுக்கியிருக்கிறார்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சைட்டில் என் வேலையும் அதுதான்; சோதனையில் 95 விழுக்காடு இறுக்கம் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன்.

நர்சரியில் கறுப்பு மண் மூட்டை வாங்கலாம் என்றேன். “அது எந்த ஊரு மண்ணுடா?” என்றார் பாட்டி. பதில் இல்லை. ஓரிடத்தை வழித்துத்தான் இன்னோரிடம் செழிக்கணுமா?

பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவர். அங்கே இளமரங்களுக்கு நடுவில் பயற்றினக் கொடி படரவிடுவார்கள். அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கும். நானும் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும்போது வெட்டி அங்கேயே மூடினேன். கூடவே காய்கறித் தோல், காய்ந்த இலை.

செலவு சில வெள்ளிதான். ஆனால் ஒரு வருஷம் போச்சு. மலிவு என்றால் யாரும் விலை கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. இந்த முறை அதை நானே கொடுத்தேன், காத்திருந்து.

போன வாரம் மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. நாளைக்கு சைட்டில் ரோலர் ஓடும். கையெழுத்து நான்தான் போடணும்.