எலியின் சாட்சியம்

ஓர் இரசாயனம் உயிரின் மரபணுவைப் பிறழச் செய்யுமா என்று அறிவதற்காக, அதனை ஆய்வுகூட எலிக்கு நாள்தோறும் ஊட்டி, குறித்த காலம் கழிந்ததும் அவ்வெலியைக் கொன்று ஈரலையும் எலும்பு மச்சையையும் ஆராய்வது தர்மமா என்னும் கேள்வி, ஜீவகாருண்யத்தில் பற்றுள்ள எவரையும் உறுத்தவே செய்யும். ஆயினும் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தெளிகருவியை முதுகிற் சுமந்து மலைச்சரிவில் களைநாசினி அடிக்கும் தொழிலாளியை நினையாமல் அதற்கு விடைகூற முற்படுவது பாதி விசாரணையே ஆகும்.

எலியை விட்டுவிட்டுக் கிருமியிடமே கேட்கலாகாதா என்பாரும் உளர். 1970களில் புரூஸ் ஏம்ஸ் வகுத்த சோதனை பற்றீரியாவைக் கொண்டே நடைபெறுவது. ஆனால் உடலுட் புகுந்து ஈரலில் மாற்றமடைந்த பின்னரே நஞ்சாகும் பொருள்களும் உண்டாதலின், அதிலும் பெரும்பாலும் எலியின் ஈரற்சாறே சேர்க்கப்படுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. முழு உடலில் நிகழ்வதை அறிய, பற்றீரியாவின் மரபணுவொன்றைச் சாட்சியாகவே உயிரணுதோறும் தாங்கிப் பிறக்குமாறு ஆக்கப்பட்ட எலிக்கு, வழக்கமாக 28 நாள் அப்பொருளைக் கொடுத்து, அம்மரபணு பிறழ்ந்ததா என்று தேடுவர். இச்சாட்சியம் பெறாமலே நஞ்சைச் சந்தைக்கு விடுவது எலிக்குக் காட்டும் கருணையன்று. பரிசோதனையை ஆய்வுகூடத்திலிருந்து தேயிலை மலைக்கு மாற்றுவதேயாகும். ஆகவே, பெற்ற சாட்சியம் உரியவரைச் சென்றடையுமாயின், எலியின் மரணத்துக்கு ஒரு நியாயம் உண்டு.

சென்றடைகிறதா? 2015 மார்ச்சில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் கிளைபோசேற் என்னும் களைநாசினியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் சாத்தியம் மிக்கதென வகைப்படுத்தி, மரபணுவை அது சேதப்படுத்துவதற்கு வலுவான சான்று உண்டெனவும் கூறியது. அவ்வாண்டே இலங்கை அதனைத் தடைசெய்தது. காரணமாகக் காட்டப்பட்டது மலையகமன்று, வடமத்திய சமவெளியான ரஜரட்டையின் விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோய். தடைக்காலத்தில் மாற்றாக அடிக்கப்பட்ட எம்.சி.பி.ஏ. என்னும் களைநாசினியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக யப்பான் ஆட்சேபித்தது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கியது.

இதற்கிடையே 2016இல், ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, உணவின் வழியே எதிர்பார்க்கத்தக்க அளவில் கிளைபோசேற் மரபணுவைத் தாக்கும் சாத்தியம் குறைவு என்று தீர்ப்பளித்தது. உணவின் வழியே! அத்தீர்ப்பு தேநீர் அருந்துபவருக்கு உரியது. காற்றுத் திரும்பும்போது முகத்திலும், கருவி கசியும்போது முதுகிலும் மருந்தை ஏற்பவருக்கு அதனை அப்படியே நீட்டிச் சொல்வது நேர்மையாகாது.

அவருக்கு உரிய சாட்சியத்தை அவரிடமிருந்தே பெறலாம். மரபணுச் சேதத்தின் அடையாளமான நுண்கருக்கள் வெள்ளணுக்களில் தோன்றியுள்ளனவா என்று பார்க்கும் சோதனையைச் சிறிதளவு இரத்தங்கொண்டு மனிதரிடமே செய்யலாம். எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. மருந்தடிப்பவருடைய சம்மதத்தோடு ஆண்டுக்கொரு முறை அதனைச் செய்து, முடிவை அவருக்கே அவருடைய மொழியில் தெரிவிப்பது அசாத்தியமான காரியமன்று. செலவைத் தோட்டக் கம்பனி ஏற்பதா, அரசு ஏற்பதா என்பது வேறு வழக்கு.