ஒரே வைத்தியம் சமத்துவம் ஆகுமா?

பிறந்ததும் அழாத பிள்ளையை 'மூச்சடைச்சுப் பொறந்தது' என்பார்கள் நம் சனங்கள். பிராணவாயு கிடைக்காமல் மூளை அடிபடுகிறது. இதற்குப் பணக்கார நாடுகள் கண்ட வைத்தியம் குளிரூட்டல். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, உடம்புச் சூட்டை 33.5 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். அங்கே சாவும் ஊனமும் குறைந்தன.

'அவன் பிள்ளைக்குக் கிடைக்கறது எம் பிள்ளைக்கும் வேணும்.' சமத்துவம் பேசுகிறவர்கள் முதலில் இதைத்தான் சொல்வோம். சொல்லவும் வேண்டும். ஆனால் 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 பிள்ளைகளைச் சேர்த்து 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பாதிப்பேருக்குக் குளிரூட்டல், பாதிப்பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2021இல் முடிவு வந்தது. குளிரூட்டிய பிள்ளைகளில் 42 சதம் இறந்துபோயின. மற்றதில் 31 சதம். சாவையும் கடும் ஊனத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் பலன் இல்லை. இந்த நாடுகளில் இதைச் செய்ய வேண்டாம் என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

'ஏழை வீட்டுப் பிள்ளைதான் சோதனைக்குக் கெடச்சுதா?' கோபம் நியாயமானது. பேறுகால வலி தீராத தாயிடம், கலங்கி நிற்கிற தகப்பனிடம், சில மணி நேரத்தில் வாங்குகிற கையெழுத்து எந்த அளவுக்குச் சம்மதம்? அதே சமயம், ஆய்வுக்கு முன்பே இங்கே பல இடங்களில் குளிரூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கணக்குப் பார்க்காமல் செய்துகொண்டே போயிருந்தால் அந்தச் சாவுகள் 'விதி' என்று புதைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஆய்வே கூடாது என்பதல்ல நம் வாதம். புரியும்படி சொல்லு, மறுத்தாலும் அதே கவனிப்பைக் கொடு, முடிவை எங்களிடமும் வந்து சொல்லு என்பதுதான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'இந்த ஊர்ப் பிள்ளைங்க ஒடம்பே வேற' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் பிறப்பையே காரணம் காட்டும் சமூகம் இது. ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம் வேறு திசையைக் காட்டுகிறது: சேதம் பிறப்பதற்கு முன்பே, நீண்ட நேரம் நடந்து முடிந்திருக்கலாம். அப்படியானால் கேள்வி ரத்தத்தைப் பற்றியதல்ல. கர்ப்பிணிக்குக் கிடைத்த சோறு, வலி கண்டபோது வராத வண்டி, சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க ஆளில்லாத பிரசவ அறை பற்றியது.

கடைசியில் கொடுக்கிற ஒரே வைத்தியம் சமத்துவம் ஆகிவிடாது. பிரசவ அறையில் தொடங்காத சமத்துவத்தைக் குளிரூட்டும் மெத்தையில் கொண்டுவர முடியாது. நாம் கேட்க வேண்டியது அந்த முதல் வாசலில்.