பாடத் தெரிவும் ஆசிரியர் அறமும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்திய மாணவன் உயர்தர வகுப்பிற் சேருங்கால் மூன்று பாடங்களைத் தெரிந்து பதிவுசெய்கின்றான். பத்திரமொன்றை நிரப்பும் சிறு கருமமாகத் தோன்றும் இச்செயல், வாழ்வின் வாயில்கள் பலவற்றைத் திறப்பதும் அடைப்பதுமாகும். இரசாயனவியலைக் கைவிட்டவனுக்கு மருத்துவ பீடமும் பொறியியற் பீடமும் ஒருங்கே மூடப்படுகின்றன. பதினாறு வயதினன் இதனைத் தானே முற்றாக உணர்வான் என எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே அவனுக்கு வழிகாட்டும் ஆசிரியரின் கடமை யாது என்னும் வினா எழுகின்றது. அது நிருவாகம் பற்றியதன்று, அறம் பற்றியதாகும்.

திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரம், வினைக்கு உரிய ஆளைத் தெரியுமாறு அரசனுக்குக் கூறுவது. ஆசிரியரின் நிலையோ இதற்கு மறுதலையானது; அவர் ஆளுக்கு உரிய வினையை நாடவேண்டியவர். பாடசாலையின் பெயர் உயரும்பொருட்டுத் திறமையுள்ளோரையெல்லாம் விஞ்ஞானத்துறைக்குத் தள்ளுதலும், எஞ்சியோரைக் கலைத்துறைக்கு ஒதுக்குதலும் மாணவனைக் கருவியாக்குவனவாம். மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ற்றின் கோட்பாடு இங்கு நினைக்கத்தக்கது.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. வாவியின் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயலும் சிற்றூரும் நிறைந்த படுவான்கரை. 1814இல் தோன்றிய மெதடிஸ்த மத்திய கல்லூரி முதலாய பழம்பெரும் பாடசாலைகள் நகரிலேயே அமைந்தன. உயர்தர விஞ்ஞானத்துறை 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கு உரியது. 1சி வகையினவற்றில் அத்துறை இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதனால் வாவியைக் கடத்தல் எளிதாயிற்று. எனினும் நாள்தோறும் பயணஞ் செய்தற்கும் விடுதியில் தங்குதற்கும் ஆகும் செலவு ஏழைக் குடும்பத்திற்குச் சிறிதன்று.

பௌதிகவியலில் விருப்புடைய படுவான்கரை மாணவி ஒருத்தியிடம், "உனக்குக் கலைத்துறையே பொருத்தம்" என ஆசிரியர் ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அவர் பரிவினாலேயே அவ்வாறு கூறலாம். ஆயினும் இடத்தின் குறை அங்கே ஆளின் குறையாக மாற்றப்படுகின்றது. "இங்கு இல்லை" என்பது துயரந் தரினும் உண்மை. அதனைக் கேட்டவள் வேறிடம் நாடுவாள், பெற்றோரும் ஊராரும் ஆசிரியர் வேண்டுமெனக் கோருவர். "உன்னால் இயலாது" என்பதோ அக்கோரிக்கையையே பிறவாமற் செய்துவிடும். தமக்கு ஒவ்வாதது என நம்பிய ஒன்றை எவருங் கேட்பதில்லை.

வசதியற்றோரிடம் நிறைவேறாத ஆசையை வளர்த்தல் கொடுமையன்றோ எனச் சிலர் வினவுவர். உண்மையை மறைப்பதனால் வறுமை நீங்கிவிடாது. எதனைத் தாங்கலாம், எதனைத் தாங்கவியலாது என்று முடிவுசெய்யும் உரிமை மாணவிக்கும் பெற்றோருக்குமே உரியது.

இவ்வாறு கூறுதல் கலைத்துறையைத் தாழ்த்துவதாகாது. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பிற் கற்று, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற சுவாமி விபுலாநந்தர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூலில் கணிதமும் தமிழும் ஒன்றையொன்று துணைக்கொண்டன. கலைத்துறை விரும்பிச் சேருமிடத்து உயர்வுடையது. வேறு வழியின்றி ஒதுக்கப்படுமிடத்து அத்துறையும் மாணவனும் ஒருங்கே இழிவடைகின்றனர்.

ஒவ்வொரு பாடமும் எவ்வெவ் வழிகளைத் திறக்கும், அடைக்கும் என்பதை விளக்குதலும், ஊரின் குறையை ஊரின் குறையாகவே உரைத்தலும், முடிவை மாணவனிடமே விடுதலும் ஆசிரியரின் கடன். இவற்றுள் இரண்டாவதே அரிது. பாடசாலையின் குறையைத் தம் வாயாற் கூறும் துணிவை அது அவரிடம் வேண்டி நிற்கின்றது.