சோறிடுதல் மட்டும் தயையாகுமா?



பகவான் மகாவீரரின் இலாஞ்சனம் சிங்கம். பீடத்தில் நாம் நாளும் கண்டு வணங்கும் அச்சிங்கத்தின் இனம், 2021 ஜூன் திங்களில் நம் வண்டலூரில் துன்புற்றது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் கொரோனாக் கிருமி தொற்றி, இரு சிங்கங்கள் உயிர் நீத்தன. வேலி கிருமியைத் தடுக்கவில்லை.

அதற்கு முன், 2018இல், நேமிநாத பகவான் வீடுபேறெய்திய கிர்நாருக்கு அண்மையிலுள்ள கீர் வனத்தில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. அங்கே கண்டறியப்பட்டது நாய்களை வாட்டும் டிஸ்டெம்பர் கிருமி. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியிலும் இந்நோய் மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்களை மாய்த்தது. சுற்றியுள்ள ஊர்களின் நாய்களிடமிருந்து அது பரவியதென ஆய்ந்தோர் கூறினர். காப்பாரற்ற தெருநாயின் நோய் காட்டரசனையும் வீழ்த்தும். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாம் நாய்களுக்குச் சோறிடுகின்றோம், நன்று. ஆனால் பத்து நாய்கள் ஒரே தட்டில் உண்கின்றன. நோயுற்ற நாயின் எச்சிலும் மூக்குநீரும் இருமலும் பிறவற்றிற்கு நோயைத் தருகின்றன. நம் தானமே நோய்க்கு வழியாகலாம். மறதியோடும் கவனமின்மையோடும் உயிர்க்கு ஊறு செய்தலையே தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சை என்கின்றது. அடித்தல் மட்டுமன்று, அசட்டையும் ஹிம்சையே.

ஆகவே நோய் பரவுங்காலத்தில் தனித்தனித் தட்டில் சோறும் நீரும் வைத்துச் சோப்பிட்டுக் கழுவுவோம். காய்ச்சல், கண்பீளை, சளி, இருமல், கழிச்சல் கண்ட நாயைத் தனியே நிழலில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். டிஸ்டெம்பர் மனிதருக்கு நோய் செய்வதில்லை. ஆதலின் துரத்த வேண்டா. ஆயினும் வலிப்புற்ற நாய்க்கு வெறிநோயும் இருக்கக்கூடும். அதனைத் தொடாது மருத்துவரை அழைப்போம்.

டிஸ்டெம்பரைக் கொல்லும் மருந்தில்லை. தடுக்கும் ஊசி உண்டு. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் இட்டு, பின்னும் மருத்துவர் சொற்படி தொடர வேண்டும். வெறிநோய்க்கு இடும் ஊசி இதனைத் தடுக்காது.

‘கிருமியும் உயிரன்றோ? ஊசியிடல் ஹிம்சையாகாதோ?’ என ஐயுறுவார் உளர். இல்லறத்தார் விலக்க வேண்டியது கருதிச் செய்யும் கொலையை. தாக்க வரும் பகையினின்று உயிரைக் காத்தல் அவர்க்கு விலக்கன்று. ஊசியோ நாயின் உடலுக்கே தன்னைக் காக்கும் ஆற்றலைத் தருகின்றது.

சோற்றைத் தீண்டியதற்காக அடிபட்டு வீழ்ந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகி, பின்னர்ச் சீவகனுக்கு உயிரிடர் நேர்ந்தபோது காத்தது. இறக்கும் நாய்க்கே அவன் அத்துணை செய்தான் எனில், இன்னும் வாழக்கூடிய நாய்க்கு நாம் செய்ய வேண்டுவது எத்துணை! அடுத்த முறை சோறு கொண்டு செல்லும்போது, நம் தெருவில் எந்த நாய்க்கு ஊசி இடப்படவில்லை என்பதையும் எண்ணி வருவோம்.

வளர்க ஜீவதயை! வாழ்க அஹிம்சா தர்மம்!