நினைவுக்கு யார் சாட்சி?

2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. தலைநகர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு விழுந்ததாகக் கம்ப்யூட்டர் காட்டிய வாக்குகள், விழுந்திருக்கவே முடியாத அளவுக்கு இருந்தன. மறுபடி எண்ணிப் பார்த்தபோது 4,096 வாக்குகள் கூடுதலாக ஏறியிருந்தது தெரிந்தது. இது 2-இன் 12-ஆம் அடுக்கு. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் 13-ஆவது பிட் ஒன்று 0-விலிருந்து 1-ஆகப் புரண்டால் சரியாக இந்த எண்தான் கூடும். நிரலைத் துருவியும் பிழை அகப்படவில்லை. விண்வெளியிலிருந்து வந்த துகள் ஒன்று பிட்டைப் புரட்டியிருக்கலாம் என்று ஊகித்தார்கள். அதை நிரூபிக்க வழியில்லை.

தவறு பெரிதாக இருந்ததால் பிடிபட்டது. அதே புரட்டு மூன்றாவது பிட்டில் நடந்திருந்தால் 4 வாக்குகள் கூடியிருக்கும். யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நினைவு எடுத்துக் கொடுப்பதை எந்த ஆதாரத்தில் நம்புகிறோம்? இந்தியத் தத்துவ மரபு பல நூற்றாண்டுகள் விடாமல் வாதிட்ட கேள்வி இது. நியாய தரிசனம் காட்சி, அனுமானம், ஒப்பு, சான்றோர் சொல் என்று நான்கு அளவைகளை, அதாவது மெய்யறிவு பெறும் வழிகளை, ஏற்றது. நினைவை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. நினைவு புதிதாக எதையும் அறிவதில்லை, முன்பு அறிந்ததையே திருப்பித் தருகிறது, ஆகவே அதன் மெய்ம்மை இரவல் என்பது அவர்கள் சொன்ன காரணம். சமணர்கள் இதை ஒப்பவில்லை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்க வேண்டுமானால், இரண்டும் சேர்ந்திருந்தது முதலில் நினைவுக்கு வரவேண்டும். நினைவைத் தள்ளிவிட்டால் அனுமானத்துக்கு நிற்க இடமில்லை என்று வாதிட்டு, நினைவையும் அளவையாகவே வைத்தார்கள். தமிழில் மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் அளவைகளை விரிவாகப் பேசும் நூல்கள் என்பதால், நமக்கும் இது அந்நியமான விவாதம் அல்ல.

நியாய மரபினரான நையாயிகர்களுக்கும் மீமாம்சை என்ற இன்னொரு மரபின் மீமாம்சகர்களுக்கும் நடந்த சண்டை இன்னும் ஆழமானது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர், அறிவு பிறக்கும்போதே நம்பத் தகுந்ததாகத்தான் பிறக்கிறது என்றார். அதைத் தள்ள இரண்டு காரணங்கள்தான் உண்டு: அதை மறுக்கும் இன்னோர் அறிவு வரவேண்டும், அல்லது அது பிறந்த கருவியிலேயே குறை இருப்பது தெரியவேண்டும். நையாயிகர்கள் மறுத்தார்கள். தூரத்தில் தெரிவது தண்ணீரா கானலா என்பது, போய்க் குடித்துத் தாகம் தீர்ந்த பிறகுதான் உறுதியாகும். மெய்ம்மைக்கு வெளியிலிருந்து சாட்சி வேண்டும். அப்படியானால் அந்தச் சாட்சிக்கு யார் சாட்சி, இந்த வரிசை எங்கே முடியும் என்று மீமாம்சகர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியின் கூர்மையை இன்றைக்குப் பார்க்க வேண்டுமானால், புதிதாக ராம் போட்ட ஒரு டெஸ்க்டாப்பின் முன் உட்கார்ந்தால் போதும்.

இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷினில் இன்னொரு கம்பெனியின் 16 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டைச் சேர்க்கிறார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ப்ளூ ஸ்கிரீன் வரும். ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்று காட்டும், அடுத்த தடவை வேறு பெயர். பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லும். அதே ஃபைலை மறுபடி பிரித்தால் பிரிந்துவிடும். புது ஸ்டிக்தான் கெட்டது என்று முடிவு கட்டிக் கடைக்கு எடுத்துப் போவார்கள். கடைக்காரர் தன் மெஷினில் மாட்டிப் பார்ப்பார், குறையில்லாமல் ஓடும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. புது ஸ்டிக்குக்கும் கோளாறுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் நேர்த் தொடர்பு இல்லை. இந்த இடத்தில் நையாயிகர்கள் ஓர் அருமையான கருவியைத் தருகிறார்கள். நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகும் வேண்டும். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு அவர்கள் உபாதி என்று பெயர் வைத்தார்கள்.

ராம் விஷயத்தில் உபாதி பெரும்பாலும் வேகம்தான். பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருக்கும் வேகம், பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்தால் கிடைப்பது. ஆஃப் செய்தால் ஸ்டிக் 2133, 2666 போன்ற தர வேகத்தில் ஓடும். 3200-க்கு உத்தரவாதம் அந்தப் பெட்டியில் வந்த ஜோடிக்கு மட்டுமே. நான்கு ஸ்டிக் ஏறும்போது ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடுகிறது. ஏஎம்டி தன் ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசைக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600 என்று வேகத்தைக் குறைத்தே அறிவித்திருக்கிறது. ஆக, பழைய ஜோடியும் நல்லது, புது ஜோடியும் நல்லது. நான்கும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும்போதுதான் பொய் பிறக்கிறது.

உபாதியைப் பிரித்தெடுக்கும் வழியும் பழையதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து பார்க்க வேண்டும். பிறகு பழைய ஜோடி மட்டும், புது ஜோடி மட்டும். பிறகு ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்டிக்கை ஒவ்வொரு ஸ்லாட்டிலும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஸ்டிக்கைக் கழற்றிய கையோடு அதன் தங்க நிறப் பின்களை அழிரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டில் தூசியை ஊதி, இடத்தையும் மாற்றி, கிளிப் டக்கென்று விழும்வரை அழுத்தி மாட்டிவிடுகிறார்கள். மெஷின் சரியாகிவிடுகிறது. சரியாக்கியது ரப்பரா, அழுத்தமா, இடமாற்றமா? வேலை முடிந்தது, அறிவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாட்சிக்குச் சாட்சி கேட்ட வாதத்தைக் கண்ணெதிரே நடத்திக் காட்டுவது மெம்டெஸ்ட்86. கிறிஸ் பிராடி 1994-இல் உருவாக்கிய இந்தச் சோதனை நிரல், விண்டோஸ் எழுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து ஓடி, ராம் முழுக்க எழுதியும் படித்தும் ஒப்பிடுகிறது. ஆனால் ஓடுவதற்கு அந்த நிரலும் அதே ராமில்தான் உட்கார வேண்டும். தான் உட்கார்ந்த இடத்தைச் சோதிக்க வேறு இடத்துக்கு நகர்ந்துகொள்கிறது. நகர்ந்த இடமும் சோதனைக்குரியதுதான். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அமைப்பில் ஏதோ கோளாறு உண்டு என்பது உறுதி. விடிய விடிய ஓடிப் பிழையே இல்லை என்றாலும், பிழை காணப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் மறுபடி நிரப்ப வேண்டும். காலைக் குளிரில் தாங்கிய பலவீனமான செல், பிற்பகலில் கேபினட் சூடேறும்போது தவறவிடலாம். மறுப்பு திட்டவட்டமாக வரும், உறுதி ஒருபோதும் முழுமையாக வராது என்பதில் குமாரிலர் கண்டது சரி.

ஆனால் மறுப்பு தானாக வந்து சேரும் என்று காத்திருக்கலாமா? பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹேமிங் வார இறுதிகளில் ரிலே கம்ப்யூட்டரில் கணக்கு ஓட்டுவார். பிழை கண்டால் மெஷின் அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு, அது எங்கே என்று கண்டு திருத்த ஏன் தெரியக்கூடாது என்று யோசித்தவர் 1950-இல் பிழைதிருத்தும் குறிமுறைகளை வெளியிட்டார். அந்த வழியில் வந்ததுதான் சர்வர்களில் இருக்கும் இசிசி மெமரி: 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். இரண்டு புரண்டால் எச்சரிக்கும். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் சுமார் மூன்றில் ஒரு மெஷினில் மெமரி பிழை பதிவாகியிருந்தது. அவற்றில் பெரும்பங்கு விண்துகள்களின் வேலை அல்ல, வன்பொருளின் கோளாறு என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். வீட்டு டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் இந்தக் காவல் கிடையாது. அங்கே பிட் புரண்டால் சொல்ல ஆளில்லை.

நம் வீட்டு மெஷினைப் பொறுத்தவரை குமாரிலர் வழியே போதும்: நம்பலாம், மறுப்பு வந்தால் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். புது ராம் போட்டால் முக்கியமான ஃபைல்களுக்கு முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, ஓர் இரவு முழுக்கச் சோதனையை ஓடவிட்டு, அதன் பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. பிறருடைய வாக்கும் மருந்தளவும் வங்கிக் கணக்கும் தங்கும் மெஷின்களில் நையாயிகர்களின் கண்டிப்பு வேண்டும். அங்கே வெளிச்சாட்சி இல்லாத நினைவுக்கு இடம் தரக்கூடாது. அத்தகைய இடங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள், விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன் இசிசி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.