மறைத்தலும் காத்தலும்

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டென்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். அவற்றுள் ஐந்தாவது உபகூகனம். அறியாமையாலும் இயலாமையாலும் சிலர் வழுவும்போது நன்னெறிக்கு நேரும் பழியைத் துடைத்தலே அது என்று ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விளக்கியுள்ளார். பிறர் குற்றத்தைத் தூற்றாமை என்றும் அதனை விரித்துரைப்பர். இவ்வுறுப்பின் பெயரைச் சொல்லி, மனநோயுற்றவரை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கேட்டால், "குடும்பத்துக் குறையை ஊரறியச் செய்வதா அறம்?" என்பர். எளிதில் தள்ளிவிடக்கூடிய வினாவன்று இது.

உபகூகனம் மறைக்கச் சொல்வது ஒழுக்க வழுவை. நோய் ஒழுக்க வழுவன்று. காய்ச்சல் கண்டவரை எவரும் பின்கட்டில் ஒளித்து வைப்பதில்லை. "எல்லாம் வினைப்பயன்" என்போர்க்கும் ஒன்று கூறுவேன். காய்ச்சலும் அசாதாவேதனீயத்தின் பயனே. அதற்காகக் கஷாயம் கொடாமல் இருந்தோமா? நால்வகைத் தானங்களுள் ஔடதத்தையும் அபயத்தையும் சேர்த்து வைத்தனர் நம் முன்னோர். நோயுற்றவரின் வினையைச் சுட்டி விரல் நீட்டுவோர் தம் வினையை எண்ணுவதில்லை. ஒன்பது நோகஷாயங்களைச் சொல்லிப் பாருங்கள். அச்சமும் அருவருப்பும் அடுத்தடுத்து வரும். இரண்டும் மோகனீயத்தின் பாற்பட்டவை. மனநோயாளரை நாம் ஒதுக்குவது பெரும்பாலும் இவ்விரண்டாலேயே.

மறைத்தலின் கடைக்கோடி எங்கே என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவரெல்லாம் உற்றார் உறவினர் உடையவரே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்தலை எவ்வகையிலும் கூடாதென்று தடுத்துவிட்டது. ஆயினும் சங்கிலி இரும்பால் மட்டும் ஆவதன்று.

என் தங்கையின் செய்தியைக் கூறுகிறேன். தலைப்பேற்றுக்குப் பின் அவள் உறக்கம் இழந்தாள். பெற்ற பிள்ளையைத் தொடவே அஞ்சினாள். "காற்று சேட்டை" என்றனர் வீட்டார். நல்வினையாக அவள் கணவர் அஞ்சாமல் நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சில திங்களில் தெளிந்தாள். அப்பிள்ளையை அவளே வளர்த்து ஆளாக்கினாள். நோய் நீங்கிற்று. ஆனால் அதுபற்றிப் பேசலாகாது என்ற கட்டளை மட்டும் நாற்பது ஆண்டுகள் நீங்கவில்லை. நம் சமூகமோ கையளவு. வந்தவாசியில் தும்மினால் திண்டிவனத்தில் "நூறாயுசு" என்பார்கள். பெண் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அறிந்த வீடுகளுக்குள்ளேயே. இப்போது அவள் பேத்திக்கு வரன் பார்த்து வருகின்றனர்.

ஆகவே இதனை எழுத எனக்கு அச்சம் இருந்தது. நற்காட்சியாளன் ஏழு அச்சங்களினின்றும் நீங்கியவன் என்பர். அவற்றுள் முதலாவது இம்மை அச்சம். "ஊர் என்ன சொல்லும்" என்பது அதன் அன்றாடப் பெயர். அதனைக் கடக்க எனக்குத் துணை நின்றவள் தங்கையே. "எழுது அக்கா. இன்னொருத்தி படிக்கட்டும். என் பெயரை மட்டும் போடாதே" என்றாள். எனக்குத் தங்கையர் மூவர். எண்ணிப் பார்ப்போர் எண்ணட்டும்.

அவள் விதித்த அந்த வரம்பில்தான் உண்மையான உபகூகனத்தைக் காண்கிறேன். நோயைப் பற்றி எவரும் பேசலாம்; இன்னார் நோயாளர் என்பதைச் சொல்லும் உரிமை அவர்க்கே உரியது. விழிப்புணர்வு என்று சொல்லி அடுத்த வீட்டுப் பெண்ணின் கதையை மேடையேற்றுவதும் தூற்றுதலே. சொன்னேனே, அச்சட்டம், அதுவும் சிகிச்சைச் செய்திகளைக் காக்கும் உரிமையை நோயாளர்க்கு அளித்துள்ளது. மறுபுறம், மணமக்களுள் ஒருவர்க்கே நோய் இருந்தால் அதனை மறைத்து மணம் முடிப்பது வஞ்சனையென்றே கருதுகிறேன். பாட்டியின் பழைய நோயைப் பேத்தியின் சாதகத்தோடு சேர்த்துப் படிப்பது வேறு. அது வீண் கொடுமை.

தனித்து அஞ்சும் வீட்டார்க்கு இப்போது ஒரு வழி உண்டு. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி, எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் ஊர் ஜிநாலயத் தகவல் பலகையில், பூசை நேரத்துக்குக் கீழே இவ்வெண்ணையும் எழுதி வைக்குமாறு பெரியோரிடம் வேண்டியிருக்கிறேன். கலந்து பேசிச் சொல்வதாகக் கூறியுள்ளனர். அடுத்த சதுர்த்தசிக்கு மறுபடி சென்று கேட்பேன்.